நீலவ்வாவின் முதல் கதை

தார்வாட் நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் கதை எழுதக் கற்றுக்கொடுத்துவந்தார் மல்லேஷ் அங்கடி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற நீலவ்வா அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். வகுப்பில் சேர்ந்த மூன்றாம் வாரம் நான்கு பக்கம் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்தார். ஒரு வயதான நோயாளி தினமும் காலையில் நவல்குந்து பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். நர்ஸ் தினமும் ஒன்பதரைக்கு என்கிறாள். அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் கதை.

மல்லேஷுக்கு அன்று என்ன வந்ததோ.

"அக்கா, இது கதை இல்ல, டியூட்டி ரிப்போர்ட்டு" என்றுவிட்டார். வகுப்பே சிரித்தது. நீலவ்வாவும் சிரித்தார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்தான்.

பத்து நாள் கழித்து அந்தத் தாள்களை மறுபடி எடுத்துப் படித்தார் மல்லேஷ். துண்டு மடிக்கும் இடத்தை மூன்று முறை திரும்பப் படித்தார். ஒரு வரிகூட அதிகம் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, வீட்டைக் காலிபண்ணிவிட்டார் என்றார்கள். நல்ல எழுத்தை முளையிலேயே கிள்ளிவிட்டோம் என்று எட்டு வருடம் மருகினார். வகுப்பில் யாரையும் அதன்பின் கேலி செய்ததில்லை.

போன மாதம் ஹுப்பள்ளியிலிருந்து அழைப்பிதழ் வந்தது, நீலவ்வாவின் சிறுகதைத் தொகுப்பு வெளியீடு. போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். முதல் கதையே அதுதான், ஒரு சொல்கூட மாறவில்லை. கூட்டம் முடிந்ததும் அருகில் போய், தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டார்.

நீலவ்வா யோசித்துப் பார்த்தார். "அப்படியா சொன்னீங்க? ஞாபகமே இல்லையே சார். மகளுக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்துச்சு, இங்க ஓடிவந்துட்டேன். அதுங்க தூங்குற நேரம்தான் எழுத முடிஞ்சுது."

"அப்ப வகுப்பை விட்டு நின்னது என்னால இல்லையா?"

"முப்பது வருஷம் டாக்டருங்ககிட்ட திட்டு வாங்குனவ நான். நீங்க சொன்னதெல்லாம் ஒரு திட்டா?" என்றபடி மிளகாய் பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

மல்லேஷ் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவி ரேணுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இதுக்கா எட்டு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, ரேணுகா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் படிக்க உட்கார்ந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து, நிம்மதியாகக் கண்ணை மூடினார்.