மரிய ஆல்பர்ட்டின் பின்னந்தலை

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் சொட்டுநீர்க் குழாய் போட்ட எந்த விவசாயியைக் கேட்டாலும் மரிய ஆல்பர்ட்டைத் தெரியும் என்பார். சொல்லிவிட்டு, தன் பின்னந்தலையில் ஒரு விரலை வைத்து இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை கோடு இழுத்துக் காட்டுவார். ஆல்பர்ட்டின் மொட்டைத் தலையில் அப்படி ஒரு தழும்பு இருக்கிறது. அவன் வேலை பார்க்கும் குழாய்க் கம்பெனியின் பெயரை மறந்தவர்கள்கூட அதை மறக்கவில்லை.

ஆல்பர்ட்டுக்கு இருபத்தாறு வயதிலேயே முன்மண்டை காலி. அவன் அப்பாவுக்கும் அப்படித்தான். ஆனால் அந்த மனிதருக்குக் கல்யாணம் ஆன பிறகு போயிற்று, இவனுக்குப் பெண் பார்க்கும்போதே போய்விட்டது. பெண் வீட்டார் போட்டோ கேட்டால் பைக்கில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கும் போட்டோவை அனுப்பினான். ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்குத் தலையில் என்ன வியாதி என்றே கேட்டுவிட்டார்கள். டீக்கடைக்கு ஹெல்மெட், ரேஷன் கடைக்கு ஹெல்மெட், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கோயில் வாசல்வரை ஹெல்மெட். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் போலீஸ்காரர்கள் அவனுக்கு மட்டும் ரோஜாப்பூ கொடுத்தார்கள். பாவம், அவன் காத்தது உயிரையா மானத்தையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் கம்பெனியில் பயிற்சி என்று வீட்டில் புளுகிவிட்டு, பைக்கைப் பெரம்பலூர் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, சென்னைக்குப் பஸ் ஏறினான். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் அவன் பின்னந்தலையிலிருந்து நாடா போல ஒரு துண்டுத் தோலை எடுத்து, அதிலிருந்த முடியைப் பிரித்துப் பிரித்து முன்மண்டையில் நட்டார்கள். எடுத்த இடத்தை இழுத்துத் தைத்தார்கள். நாலு நாள் லாட்ஜில் குப்புறப் படுத்துக் கிடந்து, தலையில் கட்டும் வீங்கிய முகமுமாக, ஸ்டாண்டிலிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினான். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தான். வாசலில் அம்மா அமுதா நின்றிருந்தாள். அவள் போட்ட அலறலில் மனப்பாடம் மறந்துபோய், "பாடாலூர்கிட்ட லாரி இடிச்சிடுச்சும்மா" என்று வாய் சொல்லிவிட்டது.

தன் வாயால் கெடுகிற தவளை என்பது இதுதான். சித்தப்பா செல்வநாதன் ஓடி வந்தார். மாவு மில் வைத்திருப்பவர். தலையில் ஒரு முடி கிடையாது, அதன்மேல் எப்போதும் ஒரு பூச்சு மாவு. அவர் அழவில்லை. பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லியே ஆல்பர்ட்டு."

"கண்ணாடி ஒடஞ்சிருக்கு பாருங்க சித்தப்பா. அந்தப் பக்கம்."

சித்தப்பா அந்தப் பக்கம் வருவதற்குள் ஒரு கல்லை எடுத்துக் கண்ணாடியில் போட்டான். ஹெல்மெட் மாட்டியிருந்த தலையில் அடி எப்படிப் பட்டது என்று அவர் அடுத்துக் கேட்டார். அரிப்பெடுத்ததால் அந்த நேரம் பார்த்துக் கழற்றிச் சொறிந்தேன் என்றான். அதையும் நம்பினார்கள். பிள்ளை பிழைத்து வந்திருக்கும்போது யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

அமுதா மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டாள். "தாயே, தலைக்கு வந்தத இத்தோட போக்கிட்ட. எம் புள்ளைக்குக் காயம் ஆறணும். ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குக் கூட்டியாந்து அவன் முடிய உனக்கே குடுத்துடறேன்" என்றாள்.

"அண்ணி, இருக்கறதத்தான் நேர்ந்துக்கணும்" என்றார் செல்வநாதன்.

"மாதா குடுப்பா" என்றாள் அமுதா.

மாதா கொடுத்துவிட்டாள். அதுதான் விவகாரம். நட்ட முடி முதலில் கொட்டியது. ஆல்பர்ட் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதான். வலியால் அழுகிறான் என்று நினைத்த அமுதா, படத்துக்கு முன்னால் வைத்து ஜெபித்த தேங்காய் எண்ணெயை அவன் தலையில் தேய்க்கத் தொடங்கினாள். நாலாவது மாதம் கருகருவென்று முடி முளைத்தது. தெருவே வந்து பார்த்தது. அமுதா கேட்டவர்களுக்கெல்லாம் எண்ணெய் ஜெபித்துக் கொடுத்தாள். செல்வநாதன் காலையும் மாலையும் விடாமல் தேய்த்தார். மாவும் எண்ணெயும் சேர்ந்து அவர் தலை பூரிக்குப் பிசைந்து வைத்த மாதிரி ஆயிற்றே தவிர, வேறொன்றும் முளைக்கவில்லை. நம்பிக்கை போதவில்லை என்று அமுதா சொல்லிவிட்டாள்.

முடி வந்ததும் பெண் வந்தது. வரதராசன்பேட்டை ஆனி ரோஸ், நர்சரிப் பள்ளியில் டீச்சர். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சங்கதி நடந்திருந்தது. அவள் அக்காவின் புருஷன் மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது பம்புசெட் தொட்டியில் முங்கினான். ஆள் எழுந்துவிட்டான், முடி மட்டும் தனியாக மிதந்தது. மாமனார் அதைப் பெருச்சாளி என்று நினைத்துக் கம்பால் அடித்தார். அன்றிலிருந்து அவருக்கு மாப்பிள்ளைகளின் தலைமேல் நம்பிக்கை போய்விட்டது. ஆல்பர்ட் பெண் பார்க்கப் போய் மிக்ஸரை வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து அவன் முன்முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. முடி வரவில்லை.

"சம்மதம்" என்றார் பெரியவர்.

நிச்சயம் முடிந்து போனில் பேசியபோது ஆனி ரோஸ் ஒன்று சொன்னாள். "எங்க அக்கா அதுக்கப்புறம் சிரிச்சே பாக்கலீங்க. மாமாவுக்கு முடி இல்லாததுக்கு இல்ல. சொல்லாம வுட்டாருல்ல, அதுக்குத்தான்." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆல்பர்ட் "பாவம் உங்க அக்கா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான்.

கல்யாணமும் ஆயிற்று. அதற்குப் பிறகு அவனுக்குப் பயம் என்றால் ஒரே பயம், மொட்டைதான். மொட்டை போட்டால் தழும்பு தெரியும். தழும்பு தெரிந்தால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இடிக்கிற லாரி எந்த ஊரில் இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். அக்காவுக்கு வாய்த்தது போலத்தான் தனக்கும் வாய்த்தது என்று ஆனி ரோஸ் தெரிந்துகொள்வாள். ஆகவே வெயில் குறையட்டும் என்றான், மழை விடட்டும் என்றான், மக்காச்சோளம் அறுக்கட்டும் என்றான். இப்படியே மூன்று வருஷத்தை ஓட்டினான். வீட்டில் மோட்டார் எரிந்தாலும் மாடு நொண்டினாலும் அமுதா அவன் தலையைத்தான் பார்த்தாள்.

பிறகு அமுதாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அவள் வர மாட்டேன் என்றுவிட்டாள்.

"நேர்த்திக்கடன் வச்சிட்டுக் கண்ண அறுத்துக்கச் சொல்றியா? மாதா என்னை எப்படிப் பாப்பா?"

வாரக்கணக்கில் கெஞ்சியும் பலிக்கவில்லை. ஒருநாள் ராச்சாப்பாட்டில் அமுதா குழம்பென்று நினைத்துத் தண்ணீரைச் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். ஆனி ரோஸ் அந்தத் தட்டை எடுத்துவிட்டு வேறு சோறு போட்டாள். "அத்த, அவரு முடிக்குப் பதிலா என் முடியக் குடுத்துடறேன். மாதா ஏத்துக்குவா. நாளன்னைக்கே போலாம்" என்றாள்.

அவள் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். அது அவளுக்கு எவ்வளவு ஆசை என்று ஆல்பர்ட்டுக்குத் தெரியும்.  அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. "நானே போட்டுக்கறேன்" என்றான்.

அப்போதும் புத்தி குறுக்கேதான் ஓடியது. மொட்டை அடித்த கையோடு சந்தனத்தை அப்பிவிட வேண்டும், அதன்மேல் தொப்பி. அம்மாவுக்குக் கண் தெரியாது. மற்றவர்கள் பார்ப்பதற்குள் முடி வளர்ந்துவிடும். சந்தனம் ஒரு டப்பா, தொப்பி இரண்டு வாங்கினான்.

ஏலாக்குறிச்சியில் நல்ல கூட்டம். முடி எடுப்பவர் பின்னந்தலைக்கு வந்ததும் கத்தியை நிறுத்தினார். "யப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் செல்வநாதன் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அண்ணி, இங்க வந்து பாரு. காதுலேருந்து காது வரைக்கும் பொளந்திருக்கு."

அமுதா தடவிப் பார்த்தாள். விரல் போய்க்கொண்டே இருந்தது. "சின்ன அடின்னு சொன்னியேடா, பாவி. மண்டையே ரெண்டாப் போயிருக்கே. தாயே, நீதான் ஒட்ட வச்சிருக்க" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் மொட்டைக்குக் காத்திருந்தவர்கள் வந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரும் ஸ்கேலைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று வருஷமாக எந்தத் தழும்பு காட்டிக்கொடுக்கும் என்று பயந்தானோ, அதே தழும்பு அவன் பொய்க்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தப்பித்தோம் என்றே நினைத்தான்.

குளித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். ஆனி ரோஸ் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தாள். முன்மண்டையில் தாராளமாகப் பூசினாள். பின்னால் வந்ததும் கை மெதுவாயிற்று. வருஷக்கணக்கில் ஆறிப்போன தழும்பைப் பச்சைப் புண் போல நினைத்து, அதன்மேல் படாமல், ஓரம் ஓரமாகப் பூசினாள். அவன் பிடரியில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது.

"இவ்வளவு வலியத் தாங்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க" என்றாள்.

அவனால் அதற்குமேல் முடியவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னான். லாரி இல்லை என்றான், ஆஸ்பத்திரி என்றான், நட்ட முடி என்றான், உங்கப்பா இழுத்தது அதைத்தான் என்றான். அவள் கை அப்படியே நின்றது. பிறகு சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் பஸ் ஸ்டாப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஆனி ரோஸ் தனியாக முன் சீட்டில் உட்கார்ந்தாள். அமுதா ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களுக்கெல்லாம் மகன் தலையைக் குனிய வைத்துக் காட்டிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் பார்த்தார், ஆட்டுக்குட்டி வைத்திருந்த பாட்டி பார்த்தாள். திருமானூர் வருவதற்குள் ஆல்பர்ட் அம்மாவின் கையைப் பிடித்தான்.

"அம்மா, லாரியே இல்லம்மா."

"இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டான்னு சொன்னியேடா."

"இடிக்கவே இல்ல." எல்லாவற்றையும் சொன்னான். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுக் கேட்டார்.

அமுதா தன் கையை உருவிக்கொண்டாள். "அப்ப அந்தக் கண்ணாடி?" என்றாள்.

"நாந்தான் கல்லால ஒடச்சேன்."

"புதுக் கண்ணாடியாச்சேடா பாவி." பிறகு குரல் இறங்கியது. "நான் முட்டி போட்டு அழுதனே, அதப் பாத்துட்டும் சும்மாதானே இருந்த?"

 அமுதா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நேர்ந்தது நேர்ந்ததுதான். உயிருக்குக் குடுத்தேன்னு நெனச்சேன். உன் பொய்க்குக் குடுத்ததா இருக்கட்டும். கண்ணு ஆபரேஷனுக்கு வரேன்" என்றாள்.

பின் சீட்டிலிருந்து செல்வநாதன் அவன் தோளைத் தட்டினார். மூன்று வருஷ எண்ணெய்க்கு ஒரு அறை விழும் என்று ஆல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டான். அவர் காதருகே குனிந்து, "அந்த ஆஸ்பத்திரி எந்த ஏரியாடா?" என்றார்.

வீட்டில் ஆனி ரோஸ் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "எங்கப்பாகிட்ட நீங்களே போயிச் சொல்லுங்க." போனான். மாமனார் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பழக்க தோஷத்தில் அவர் கை அவன் முன்மண்டைக்கு எழுந்தது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த தழும்பில் நின்றது.

"இத அன்னிக்கே காட்டியிருந்தா நான் இழுத்தே பாத்திருக்க மாட்டேனே மாப்ள. உள்ள வாங்க, சாப்புட்டுப் போலாம்" என்றார்.

எல்லாரும் மன்னித்துவிட்டார்கள், அவளைத் தவிர. சோறு போட்டாள், சட்டை தேய்த்து வைத்தாள், பேசவில்லை. இதற்கிடையில் முடி வளர்ந்தது. நட்டது, நடாதது எல்லாம் சேர்ந்து நன்றாகவே வளர்ந்தது. ஒருநாள் காலையில் கண்ணாடி முன் நின்று இன்னொரு கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்த்தான். தழும்பு போன இடம் தெரியவில்லை. ஒருகாலத்தில் இதற்காகத்தான் உயிரை விட்டான். இப்போது அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஹெல்மெட்கூட மாட்டாமல் கடைவீதிக்குப் போய்ச் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தான்.

ஆனி ரோஸ் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்ன வேண்டுதல்?" என்றாள். பல வாரத்துக்குப் பிறகு அவளாகப் பேசியது அது.

"வேண்டுதல்லாம் இல்ல. மறைஞ்சிடுச்சு. அதான்."

அவள் அவனை உட்காரச் சொன்னாள். முடி வெட்டுபவர் தழும்போரம் விட்டுப்போன நாலு முடியைச் சின்னக் கத்திரியால் எடுத்தாள். இந்தத் தடவை ஓரம் ஓரமாகப் போகவில்லை. கட்டை விரலைத் தழும்பின் மேலேயே வைத்து இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை அழுத்திக்கொண்டு போனாள்.

"வலிச்சுதா?" என்றாள்.

"ரொம்ப" என்றான் ஆல்பர்ட்.

"அப்ப நான் அழுதது சும்மா போவல" என்றாள்.

இப்போது அவளேதான் மெஷின் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவனுக்கு வழித்துவிடுகிறாள். முன்மண்டையில் முடி சரசரவென்று உதிர, "எங்கப்பா இழுத்தும் வராத முடி" என்று சிரிக்கிறாள். மெஷின் பின்னந்தலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வாரமும் மறக்காமல், "வலிச்சுதா?" என்று கேட்கிறாள். ஆல்பர்ட்டும் ஒவ்வொரு வாரமும் உள்ளதைத்தான் சொல்கிறான்.