வெளிநாட்டுப் பத்திரிகையில் விடுபட்ட ஜி

மரபணு படிக்கிற தொழில் என்றதும் ஏதோ பெரிய மூளைவேலை என்று நினைக்கிறார்கள். விளக்குப் பெட்டிமேல் எக்ஸ்ரே ஃபிலிமை வைத்துக்கொண்டு, அதில் விழுந்த கோடுகளை ஏ, சி, ஜி, டி என்று நாலே எழுத்தை நாளெல்லாம் ஒப்பிப்பதுதான் அது. கண்ணெரியப் படித்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

அச்சும் நோட்டும்

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். புற்றுநோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு. அதன் எழுத்து வரிசையை வெளிநாட்டுக்காரர்கள் ஏற்கெனவே பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அவர்கள் ரெண்டு ஜி போட்ட இடத்தில் எனக்கு, மங்கலாகத்தான், மூன்று தெரிந்தது. மும்மூன்று எழுத்தாகப் படிக்கிற சமாச்சாரம் இது. ஒன்று குறைந்தால் அதற்கப்புறம் எல்லாமே தடம் மாறிவிடும். அவர்கள் சொல்வது சரி என்றால் என் நாலு வருஷ வேலை குப்பை.

வழிகாட்டியான எங்கள் சார் ஃபிலிமைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, அவங்க சொல்றது அச்சுல இருக்கு. நீ சொல்றது நோட்டுல இருக்கு" என்றார்.

நானும் செய்த தப்பு

எங்கள் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோடு மங்கலாக இருந்தால் பத்திரிகையில் வந்த அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து நிரப்பிவிடுவோம். பழைய நோட்டைப் புரட்டினேன். அதே இடத்தில் இரண்டு தடவை அந்த மூன்றாவது ஜி-யை எழுதி, இரண்டு தடவையும் நானே அடித்திருக்கிறேன்! வெட்கமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன. அச்சுப் பிரதியை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பக்கத்து மேஜை ஆரோக்கியம் அக்கா பதறிப்போனாள்: "அதைப் பார்க்காம எப்படிடி சரியா எழுதுவ?"

முனுசாமி எண்ணியது

ஜி அடுத்தடுத்து வந்தால் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் கோடுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லின் கலவையை மாற்றி, கரண்ட் பாய்ச்சி மறுபடி ஓட்டினேன். பாதியில் கரண்ட் போனது. மறுநாள் திரும்ப முதலிலிருந்து. குமணன்சாவடியிலிருந்து வரும் உதவியாளர் முனுசாமி அண்ணனைப் புது ஃபிலிமை வாசிக்கச் சொன்னேன். அவர் அச்சுப் பிரதியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சார் பின்னால் வந்து நின்று, நல்லா பாருப்பா, ரெண்டுதானே என்றார். முனுசாமி அண்ணன் விரல் வைத்து எண்ணினார். "மூணு கீது சார். நீங்க இன்னா சொன்னாலும் மூணுதான் கீது."

ஆவடித் தபால்

அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கே எழுதலாம் என்றேன். பெரிய மனுஷர்களைப் பகைத்துக்கொள்ளாதே என்றார் சார். பகைத்தால் பகைத்துக்கொள்ளட்டும்! என் பெயரிலேயே கடிதம் எழுதி, ஃபிலிமின் போட்டோவையும் வைத்து, ஆவடி தபால் நிலையத்தில் நானே போய்ப் போட்டேன். மாதக்கணக்கில் பதிலில்லை. பிறகு வந்தது. திரும்பப் பார்த்தார்களாம், மூன்றுதானாம், திருத்தம் போடுகிறார்களாம். சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு" என்றார்.

அச்சில் வந்ததை நம்பாதவள் என்று அன்றைக்கு வாங்கிய கெட்ட பெயருக்கு மட்டும் இன்றுவரை நான் திருத்தம் போடவில்லை.