இரண்டு ஓரமும் நேராக

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் டைப்பிஸ்ட் அக்கா. யார் எதைக் கொடுத்தாலும் படிக்க மாட்டாள்; பத்திகளின் இரண்டு ஓரமும் நூல் பிடித்தாற்போல் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். படித்துத் தொலைத்தால் மனசு கெட்டுப்போகும் என்பது அவள் கட்சி.

அன்று மேனேஜர் ஒரு கடிதத்தை அவள் கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தார். இரண்டு ஓரமும் நேராக்கி, பிரிண்ட் எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"படிச்சீங்களாக்கா?"

"என்னைக்கு சார் நான் படிச்சிருக்கேன்?"

"இதைப் படிங்க. உங்களுக்குத்தான்."

படித்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவள் வேலைக்கு வர வேண்டியதில்லை என்று இருந்தது. வீட்டில் என்ன சொல்வது என்றுகூடத் தோன்றவில்லை. கண் தானாகக் கீழே போய் நின்றது.

"கடைசி வரியில வார்த்தைங்க தள்ளித் தள்ளி நிக்குது சார். இருங்க, சரி பண்ணிட்டு வரேன்," என்றாள்.