டூத் பிரஷ் சொருகிய பிளக் பாயிண்ட்கள்

2009-இல் பரங்கிப்பேட்டையிலிருந்து கடைக்கு ஒரு போன் வந்தது. மாடியில் வாஷிங் மெஷின் ஓடினால் கீழே ஹாலில் ஸ்பூன் ஷாக் அடிக்கிறதாம்.

திருப்பாதிரிப்புலியூரில் நான் வேலை பார்த்த எலெக்ட்ரிகல் கடை அது. முதலாளி சிரித்தார். "நீ போம்மா. டிப்ளமா படிச்சவதான?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். டெஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தனியாகப் போன முதல் வேலை அது.

கதவைத் திறந்த பெரியவர் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். "ஒயர்மேன் எங்க?"

"நான்தாங்க."

அவருடைய மகன் துபாயில் இருந்தார். வீடு கட்டும்போது சாக்கெட் அத்தனையையும் அங்கிருந்தே அனுப்பியிருந்தார். தட்டைப் பின் போடுகிற வகை. மேல் ஓட்டையில் எர்த் பின் நுழைந்தால்தான் கீழ் ஓட்டைகளின் மூடி திறக்கும். நம்மூர் ரெண்டு பின் பிளக்கில் எர்த் பின் ஏது? அதனால் மேல் ஓட்டையில் டூத் பிரஷ் காம்பைச் சொருகி வைத்திருந்தார்கள். டிவிக்குப் பச்சை, மிக்சிக்குச் சிவப்பு. ஹாலில் டேபிள் ஃபேன் பாயிண்டில் மட்டும் எவர்சில்வர் ஸ்பூன்.

"பிரஷ்ஷு ஒடஞ்சிப் போச்சு. மெஷின் போட்டா நான் கொரல் குடுத்துடுவேன். யாரும் ஸ்பூன தொட மாட்டாங்க" என்றார் பெரியவர்.

"இவன்?" என்றாள் மருமகள் சபுரா. அவள் குழந்தை சுவரைப் பிடித்து நின்று பழகிக்கொண்டிருந்தான். ஸ்பூன் அவன் மூக்குக்கு நேராக இருந்தது.

முதலில் மெயினை ஆஃப் செய்தேன். எர்த் ஒயர் எல்லாப் பாயிண்டுக்கும் ஓடியது, மண்ணுக்குள் மட்டும் போகவில்லை. மீட்டர் போர்டுக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்தார்கள். மெஷினும் துபாயிலிருந்து வந்ததுதான், அதன் பிளக்கில் மட்டும் எர்த் பின் இருந்தது. அதில் கசிந்த கரண்ட் அந்த ஒயர் வழியே ஸ்பூனுக்கு வந்துவிட்டது.

சாக்கெட்டுகளை மாற்ற வேண்டும் என்றேன். சபுரா துபாயில் இருந்த புருஷனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அத்தனையும் ஃபாரின் சாமான். ஒன்னயும் கழட்டக் கூடாது."

"சார், அங்க உங்க ரூம்ல என்ன கலர் பிரஷ் சொருவியிருக்கீங்க?"

"பிரஷ்ஷா? எதுக்கு?"

சபுரா போனைப் பிடுங்கினாள். "மச்சான், புள்ள மூக்குக்கு நேரா ஸ்பூன் நிக்கிது. அதுல கரண்டு வருது."

"கழட்டச் சொல்லு. ஹால்ல ஒன்னு மட்டும் இருக்கட்டும். வர்றவுங்க பாப்பாங்க."

கொல்லையில் எர்த் குழி வெட்டி ஒயரை மண்ணில் சேர்த்தோம். மெயினில் கசிவைக் கண்டால் டிரிப் ஆகும் ஈ.எல்.சி.பி. போட்டோம். கசிந்த மெஷினை மெக்கானிக்கிடம் கொடுத்து, பிளக்கை மாற்றி, அதற்குப் பதினைந்து ஆம்பியர் பாயிண்ட் தனியாக இழுத்தேன். மற்ற இடங்களில் நம்மூர் மூன்று பின் சாக்கெட், மூடி வைத்தது. ஹாலில் அவர் கேட்ட ஒன்றை விட்டேன், பின்னால் ஒயர் இல்லாமல்.

அதிலிருந்து சாக்கெட் கேட்டு வருபவர்களிடம், "வீட்ல இருக்கிற பிளக் எது?" என்று கேட்காமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை.

மறுவருஷம் சபுராவின் புருஷன் துபாயிலிருந்து ஊருக்கு வந்தார். கடைக்குப் போன் செய்தார். "ஹால் பாயிண்ட்ல கரண்டு வரலியேம்மா. செல்லு சார்ஜே ஏறல."

"அதுல ஒயரே இல்ல சார். பார்வைக்குன்னு நீங்கதான் விடச் சொன்னீங்க."

"அப்ப நான் சொருவுன இந்த பிரஷ்ஷ என்ன பண்றது?"

"பல்லு வெளக்குங்க சார்" என்றேன்.