வெறும் மாத்திரை

காலையில் கடையைத் திறந்து விளக்கைப் போட்டதும் பாக்யலட்சுமி தன் வலது கையைத் திட்ட ஆரம்பிக்கிறார். "நில்லுடி. இன்னாத்துக்கு இப்டி ஆடற? நேத்து சோறு போடலியா உனக்கு?" கை கேட்பதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத எதையோ உருட்டிக்கொண்டே இருக்கின்றன. கடைசியில் அதை இடது கையால் பிடித்து மேசைமேல் அழுத்தி வைத்துக்கொண்டுதான் அவர் வாசலைப் பார்ப்பார்.

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் அவருடையது வளையல் கடை. ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு பிழைப்புத் தேடிப் பெங்களூர் போன கணவர், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். கடையும் மகன் ரவிகுமாரும் இவர் கைக்கு வந்தார்கள். வளைகாப்பு வீடுகளுக்கு இவரைக் கூப்பிடலாமா என்று பஜாரில் சிலர் இழுத்தபோது ஒரே வார்த்தையில் வாயை அடைத்தார். "அந்த ஆளு எங்கியோ உசுரோட கீறான். என் யாவாரத்துக்கு அது போதும்." இரண்டு மணிக்கட்டிலும் டஜன் டஜனாகக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, வருகிற பெண்களை அவர் கிண்டல் செய்வதைக் கேட்பதற்காகவே நான் அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தேன்.

நோய் வெளியே தெரிந்தது பக்கத்து ஊரான ஊரிகத்தில், ஒரு வளைகாப்பில். கர்ப்பிணிப் பெண்ணின் ஐந்து விரல்களையும் குவித்து, கட்டைவிரலின் அடிச்சதையை உள்ளே அமுக்கி, வளையலை ஏற்றும்போது இவர் கை உதறியது. வளையல்கள் நொறுங்கி அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் ரத்தம் வந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. பெண்ணின் தாய் தாம்பாளத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "போதும், விடுங்கக்கா" என்றாள். அதன்பிறகு எந்த வீட்டிலிருந்தும் அழைப்பில்லை.

பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் பார்க்கின்சன் நோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அது ஏறும்போது கொஞ்சம் நடமாட்டம், இறங்கும்போது நாற்காலி. கடையை மருமகள் ஸ்வப்னா பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு ரவிக்கை ஊக்கு மாட்டி, சோறு பிசைந்து வைத்து, பிறகு கடைக்கு ஓடி வருவாள். அவள் பாடும் லேசானதல்ல.

ஒரு நாள் மருத்துவர், புதிதாக ஒரு மாத்திரையைப் பரிசோதிக்கிறோம், சேருகிறீர்களா என்று கேட்டார். ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த நிக்கோல் என்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். "ஆன்ட்டி, பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வேண்டாம்னா எப்ப வேணா நின்னுக்கலாம்."

"சாமி எனக்கு எல்லாத்துலயும் வெறும் கையத்தான் காட்டிகினு கீது. இந்த ஒண்ணுலயாச்சும் குடுக்காதா?" என்று பாக்யலட்சுமி சிரித்தாராம்.

பின்னால் வருகிறவர்களுக்காவது உதவட்டும் என்று சேர்ந்ததாக எல்லோரிடமும் சொன்னார். என்னிடம் மட்டும் வேறு காரணம் சொன்னார். "இந்தக் கைய மறுபடி ஒரு பொண்ணு கையில வைக்கணும்க்கா. ஒரே ஒரு வாட்டி."

ரவிகுமார் விடுப்புப் போட்டு மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு அழைத்துப் போய் வந்தான். பழைய மாத்திரையோடு புதியதும் சேர்ந்தது. இரண்டாம் மாதம் அவர் கடைக்குத் தானே நடந்து வந்தார். மூன்றாம் மாதம் ஸ்வப்னாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். எனக்கே பச்சை வளையல் போட்டுவிட்டார். ஒன்றும் உடையவில்லை. போட்டு முடித்து என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "பாத்தியாக்கா, பாத்தியாக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பஜார் முழுக்க அந்த மாத்திரையின் புகழ்தான். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒருவர் தன் அண்ணனுக்காக அதன் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஆராய்ச்சி முடிந்தபின் முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள். மகனோடு போனார்.

"ஆன்ட்டி, உங்களுக்கு வந்தது வெறும் மாத்திரை" என்றாள் நிக்கோல்.

மருத்துவர் நிறையச் சொன்னார். நம்பிக்கை பிறந்தால் மூளை தன்னிடம் குறைந்துபோன சுரப்பைக் கொஞ்ச காலம் தானே கூட்டிக்கொள்ளும், இந்த நோயில் அது அடிக்கடி நடப்பதுதான், அதை நடிப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றார். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் இவரைவிட அதிகமாக ஒன்றும் குணம் தெரியவில்லையாம். ஆகவே அந்த மருந்தையே கைவிடுகிறார்களாம். உங்களைப் போன்றவர்களால்தான் இது எங்களுக்குத் தெரிந்தது என்று கைகூப்பினார். ரவிகுமார் இவ்வளவையும் கேட்டான். வீட்டுக்கு அவன் கொண்டுவந்தது இரண்டே வார்த்தை. வெறும் மாத்திரை.

ஸ்வப்னா அடுப்பை அணைத்துவிட்டு வந்து மாமியாரைப் பார்த்தாள். "அப்போ, மனசு வச்சா உங்களால முடியும். இல்லியா அத்தே?"

பாக்யலட்சுமிக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. மனசு வைத்துப் பார்த்தார். பல்லைக் கடித்துப் பார்த்தார். சீக்கிரமே கை மறுபடி ஆட ஆரம்பித்து, முன்னைவிட மோசமானது. கால்களும் வாசற்படியில் ஒட்டிக்கொண்டன. ரவிக்கை ஊக்கு மாட்ட யாரும் வருவதில்லை. தட்டில் சோறு பிசையாமல் வருகிறது. அம்மா அடம் பிடிக்கிறாள் என்று மகன் எதிர்வீட்டில் சொல்கிறான். "நல்லாத்தான கீறீங்க, இன்னா அக்கா!" என்று பஜாரில் சிரிக்கிறார்கள். மாத்திரையின் பெயர் கேட்டு வந்தவர் இப்போது எதிரே வந்தால் பேசுவதில்லை.

"நோவு வந்ததுகூடப் பரவால்லக்கா" என்றார் என்னிடம். "நல்லா ஆனேன் பாரு, அதான் தப்பாப் பூடுச்சி."

போன வாரம் கடையில் கூட்டம். ஸ்வப்னா ஒரு பெண்ணுக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிய பாக்யலட்சுமியின் கால் நகர மறுத்தது, கை உதறியது, பெட்டி தரையில் விழுந்து சிதறியது.

"ஆளுங்கள கண்டாத்தான் இந்தக் கை ஆடும்" என்றாள் ஸ்வப்னா, வந்திருந்தவர்களைப் பார்த்து.

நான் குனிந்து சில்லுகளைப் பொறுக்கப் போனேன். பாக்யலட்சுமி என்னைத் தடுத்தார். அவர் குரல் இப்போதெல்லாம் அமுங்கித்தான் வருகிறது. அன்று எல்லோருக்கும் கேட்டது.

"ஆஸ்பத்திரில ஒண்ணு பண்ணுவாங்க, ஸ்வப்னா. பின்னால நின்னு ரெண்டு தோளையும் புடிச்சி வெடுக்குனு இழுப்பாங்க. நல்லா கீறவங்க ஒரு எட்டு பின்னால வச்சி நின்னுக்குவாங்க. நோவு கீறவங்க மரம் மாரி சாஞ்சிடுவாங்க. டாக்டரு புடிச்சிக்குவாரு." மூச்சு வாங்கினார். "வா. வந்து இழு."

வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண் தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். ஸ்வப்னா எழுந்திருக்கவில்லை.

பாக்யலட்சுமி இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, உடைந்த கண்ணாடிக்கு நடுவே சிறுகச் சிறுகக் கால்களை நகர்த்தித் திரும்பி, மருமகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.