காலிக் கடைகளின் பொம்மையக்கா

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கூப்பிட ஆளில்லாமல் அது எங்கோ தொலைந்துபோய்விட்டது. கடைத்தெருவில் எல்லோருக்கும் அவள் பொம்மையக்காதான். மூன்று மாடி ஷாப்பிங் காம்ப்ளெக்ஸின் கீழ்த்தளத்தில் இருந்த பெரிய ஜவுளிக் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டுவது அவள் வேலை. வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, பொம்மையின் கையைத் திருகிக் கழற்றி, சட்டையை நுழைத்து, மறுபடி கையை மாட்டுவாள். இடுப்புக்குப் பின்னால் துணியை இழுத்து ஊசி குத்தினால் எந்தத் தொளதொள உடையும் அளவெடுத்துத் தைத்ததுபோல் நிற்கும். முன்னால் நின்று வாய் பிளந்தவர்கள் யாரும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை. அந்தத் தொழிலே அப்படித்தான்.

பிறகு ஊருக்கு வெளியே பெரிய சாலை வந்தது. அதன் ஓரத்தில் குளிர் காற்று வீசும் பெரிய பெரிய கடைகள் வந்தன. கையில் இருக்கும் போனிலேயே செருப்பு முதல் சீப்பு வரை வாங்கலாம் என்றும் ஆயிற்று. காம்ப்ளெக்ஸில் முதலில் செருப்புக் கடை ஷட்டரை இழுத்துவிட்டது. அப்புறம் போட்டோ ஸ்டுடியோ, கடிகாரக் கடை, மேல்மாடி டைப்பிங் வகுப்பு. கடைசியில் ஜவுளிக் கடையும் பெரிய சாலைக்கே குடிபோயிற்று. போகும்போது மூக்கு உடைந்ததும் விரல் போனதுமான பழைய பொம்மைகளையும் பொம்மையக்காவையும் விட்டுவிட்டுப் போனது. இரண்டும் அவர்களுக்கு ஒரே கணக்கு.

காம்ப்ளெக்ஸ் மேனேஜர் வாய்ச்சாலக்காரர். இல்லாததை இருக்கிறது என்று சொல்லச் சொன்னால் தூக்கத்தில்கூடச் சொல்வார். அவர்தான் அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, இருட்டா கிடக்குற கடையைப் பார்த்தா எவன் வருவான்? நீங்க பொம்மைய நிறுத்துங்க. நான் லைட்டப் போடுறேன். பார்க்குறவனுக்கு ஒரு நம்பிக்கை வரணும்."

வேறு வேலை தெரியாதவள் என்ன செய்வாள்? ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டபின் அவள் கை சும்மா இருக்குமா? காலிப் பெட்டிகளுக்கு ரிப்பன் சுற்றி அடுக்கினாள். 'விரைவில் திறப்பு' என்ற பலகையை இந்தக் கடையிலிருந்து அந்தக் கடைக்கு மாற்றினாள். வாராவாரம் பொம்மைகளை இடம் மாற்றி, உடை மாற்றி நிறுத்தினாள். ஒரு கடையில் பாதி இழுத்த திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு அதன் முதுகில் ஒரு சால்வையைத் தொங்கவிட்டாள். இப்போதுதான் யாரோ எழுந்து உள்ளே போனதுபோல இருக்கும். அது அவளுடைய சொந்த யோசனை. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் கடைகளுக்கு நடுவே ஓடும் ஆளரவம் இல்லாத அந்த நடையில் தனியாக வரும்போது, அந்தச் சால்வை அசைந்ததுபோல் தோன்றி அவளே சில நாள் திடுக்கிட்டு நின்றிருக்கிறாள்.

வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. வீடு என்றால் தம்பியின் வீடு. அவனை வளர்த்து ஆளாக்கி, கல்யாணமும் செய்துவைத்துவிட்டு, தான் தனி ஆளாகவே நின்றுவிட்டவள். தம்பி ஒரு கம்பெனி வேன் ஓட்டுகிறான். தம்பி மனைவி வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். முன்னறை முழுக்கத் தொட்டிலும் பாயும் பிள்ளைகளின் ஈரத் துணியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று வாசலில் வந்து நிற்காத நாள் இல்லை. அப்படிக் காலையிலிருந்து மாலைவரை உயிருள்ள பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவளிடம், ஆளில்லாத கடையில் பொம்மைக்குச் சட்டை மாட்டிவிட்டு வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. அதனால், "புதுசு புதுசா ஆளுங்க வர்றாங்க, நிக்க நேரமில்ல" என்று அளந்துவிட்டாள். ஒரு தடவை சொன்ன பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. போட்டாள்.

இந்த நேரத்தில்தான் மூலைக் கடையில் அது ஆரம்பித்தது.

முதலில் கண்ணாடி. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், யாரும் தொடாத கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டுக் கிடந்தது. வெயிலுக்கு இப்படி ஆகும் என்றார் மேனேஜர். வேறு கண்ணாடி போட்டார்கள். அடுத்து, பின்பக்கத் தூணும் மேலே ஓடும் பீமும் சேரும் இடத்தில் தலைமுடிபோல ஒரு கோடு. கடைகள் காலியானதிலிருந்து கட்டட முதலாளி மொட்டைமாடியை வாடகைக்கு விட்டிருந்தார். போன் டவர் ஒன்று, தண்ணீர் வியாபாரி ஒருவரின் பெரிய பெரிய தொட்டிகள். தொட்டி நிரம்பும்போதெல்லாம் கட்டடத்துக்குள் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் வரும், யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல.

"அதை மறைச்சு ஏதாவது ஒட்டிடுங்கக்கா" என்றார் மேனேஜர். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அவளே நீல வானமும் வெள்ளை மேகமும் போட்ட தாளாகத் தேர்ந்தெடுத்து ஒட்டினாள். சில வாரத்தில் தாள் அந்தக் கோட்டின் வழியாகவே கிழிந்தது. மேலே இன்னொன்று ஒட்டினாள். அதுவும் கிழிந்தது. அடுத்த முறை ஏணியில் நின்று பசை தடவும்போது மணல் உதிர்ந்து தலையில் விழுந்தது. இறங்கி ஓடிப்போய்ச் சொன்னாள்.

"தாள் ஒட்டுறது உங்க வேலை. கட்டடத்தை ஒட்டவச்சுக்குறது என் வேலை" என்று சிரித்தார் மேனேஜர்.

அவள் அதோடு விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது. ஆனால் அவளுக்கு ஒரு சமாதானம் இருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள்? விழுந்தால் பொம்மைமேல்தானே விழும்?

ஒரு மாலை வீட்டுக்கு வந்தபோது தம்பி மனைவி தலைசீவி, நல்ல உடை உடுத்தி, வாசலிலேயே காத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"அண்ணி, கண்ணை மூடுங்க. ஒரு விஷயம் சொல்லப்போறேன்."

"எதுவா இருந்தாலும் கண்ணைத் திறந்துக்கிட்டே கேக்குறேன், சொல்லு."

"பிள்ளைங்க காப்பகத்துக்கு இடம் பிடிச்சாச்சு! உங்க காம்ப்ளெக்ஸ்லதான். உங்ககிட்ட சொல்லாம செய்யணும்னு நானும் அவரும் போய்ப் பேசி முடிச்சுட்டோம். அந்த மூலைக் கடை அண்ணி. சுவரெல்லாம் மேகம் போட்டு, பிள்ளைங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!"

பொம்மையக்கா கைப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அது வேண்டாம்மா" என்றாள்.

"ஏன்?"

"வேற இடம் பாப்போம்."

"ஏன் அண்ணி? சுத்திலும் கடை. புதுசு புதுசா ஆள் வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதைக் கேட்டுத்தானே நான் போனேன்."

அன்று பொம்மையக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். ஆளே வரவில்லை, எல்லாம் பொம்மை, பெட்டிகள் காலி, மேகத்துக்குப் பின்னால் விரிசல். சொல்லச் சொல்லத் தம்பி மனைவியின் முகம் இறுகிக்கொண்டே போனது. தொட்டிலில் யார் வீட்டுப் பிள்ளையோ சிணுங்கியது. அவள் ஒரு காலால் தொட்டிலை ஆட்டியபடியே கேட்டாள்.

"இத்தனை நாள் சொன்னது பொய்யின்னா, இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி அண்ணி நம்புறது?"

உலகத்தில் இருக்கிற பொய்யர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விமுன் வந்து நிற்கத்தான் வேண்டும்.

மறுநாள் மூவருமாகப் போனார்கள். பொம்மையக்கா ஏணி போட்டு ஏறி, மேகத்தாளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பின்னால் தூண் வழவழவென்று நின்றது. புதிதாகப் பூசி, வெள்ளையடித்து, சுத்தமாக. அவள் கைவைத்துத் தடவினாள். ஈரம்கூடக் காய்ந்திருந்தது.

"சின்ன வெடிப்பு இருந்துச்சு. கடையை இவங்களுக்குப் பேசுறதுக்கு முன்னாடியே தாளை எடுத்துப் பூசிட்டு, மறுபடி ஒட்டிட்டோம்" என்றார் மேனேஜர். பிறகு தம்பியின் தோளில் கைபோட்டு அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா நல்ல மனுஷிதான். தனியா இருக்குறவங்க. வீட்டு மருமகள் சொந்தமா ஒண்ணு ஆரம்பிக்குறதைப் பார்க்க அவங்களுக்குக் கஷ்டமா இருக்கலாம். நீங்க ஒண்ணும் பெரிசா எடுத்துக்காதீங்க."

தம்பி வேனைக் கிளப்பும்போது அவளைப் பார்க்காமலேயே கேட்டான். "அவ முன்னேறுறது உனக்குப் பிடிக்கலையா அக்கா?" அவள் தூக்கி வளர்த்த தம்பி. வேறு யார் கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பாள்.

கட்டட அனுமதி அலுவலகத்துக்கும் போனாள். ஒரு அதிகாரி வந்தார். தூணைத் தட்டினார், தலையை ஆட்டினார், மேனேஜர் அறையில் உட்கார்ந்து டீ குடித்தார், போனார். தொட்டி நிரம்பி அந்த 'டக்' சத்தம் வந்தபோது அவர் படியிறங்கிவிட்டிருந்தார்.

திறப்பு நாள் வந்தது. தம்பி மனைவி விடிந்ததிலிருந்து கடையில்தான். புதுப் பாய்களை விரித்து, குட்டி நாற்காலிகளைத் துடைத்து, கிழித்த மேகத்தாள் இருந்த இடத்தில் புது மேகத்தாள் ஒட்டியிருந்தாள். பொம்மையக்கா உள்ளே போகவில்லை. நடையின் முதல் கடையைத் திறந்தாள். திரையைக் கிழித்து இறக்கினாள். பொம்மையின் கையைத் திருகிக் கழற்றினாள், சட்டையை உருவினாள், மொட்டையாகத் தூக்கி வந்து நடையில் நிறுத்தினாள். ரிப்பன் பெட்டிகளைத் திறந்து காலி வாயோடு வெளியே போட்டாள். அடுத்த கடை. அதற்கடுத்த கடை. பல வருஷ வேலையை ஒரு காலைப்பொழுதில் அவிழ்த்துப் போட்டாள். மூக்கில்லாத, விரலில்லாத பொம்மைகள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க, அவற்றுக்குப் பின்னால் கடைகள் இருட்டும் தூசியுமாகத் திறந்து கிடந்தன.

பிள்ளைகளோடு வந்த தாய்மார்கள் நடையில் கால் வைத்ததும் நின்றுவிட்டார்கள். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

"என்னங்க இது? இங்க வேற கடையே இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லம்மா. எல்லாம் நான் நிறுத்துன பொம்மை. அந்தக் கடைத் தூண்ல விரிசல் இருக்கு. மறைச்சு ஒட்டுனதும் நான்தான். பிள்ளைய உள்ள விடாதீங்க."

அவர்கள் அவளை நம்பினார்களா, பயந்தார்களா, தெரியாது. பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு போனார்கள். தம்பி மனைவி கையில் கலர் பென்சில் பெட்டியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் உள்ளே போய் ஒவ்வொரு பாயாகச் சுருட்டினாள். அதன்பிறகு பொம்மையக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கும் பிள்ளைகள் வரவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்குக் கூட்டிப்போகப் பார்த்தவளிடம் எப்படி விடுவது என்று தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். முன்னறை துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று. "கொஞ்ச நாள் தனியா இரு அக்கா" என்று தம்பி கடைத்தெருவிலேயே ஒரு மாடி அறை பார்த்துக் கொடுத்தான். ஜன்னலைத் திறந்தால் எதிரே காம்ப்ளெக்ஸ். வேண்டுமென்று செய்திருக்க மாட்டான்.

காம்ப்ளெக்ஸ் விழவில்லை. மழைக்காலம் வந்து போனது, விழவில்லை. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். கல்லுப் பிள்ளையார்போல் அது பாட்டுக்கு நிற்கும். ஒருநாள் தன் வாய் எதையோ முணுமுணுப்பது அவளுக்கே கேட்டது. 'விழுந்து தொலையேன். ஒரு தடவை விழு. அவ பார்க்கட்டும்.' கேட்டதும் உடம்பு கூசியது. ஆனாலும் மறுநாளும் அதையேதான் சொன்னாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து விழு என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பிறகு ஒரு மாலையில் மூலைக் கடையில் விளக்கெரிந்தது. அவள் படியிறங்கி ஓடினாள். ஒரு இளம் ஜோடி கேக் கடை திறந்திருந்தார்கள். வாசல்வரை கூட்டம். பள்ளிக்கூடப் பைகளோடு பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பொம்மையக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கடைக்காரப் பெண்ணிடம் சொன்னாள். தூண், விரிசல், தாள், தொட்டி. அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கணவனைப் பார்த்து வாய்க்குள்ளேயே சிரித்தாள்.

"நீங்க வருவீங்கன்னு மேனேஜர் சொன்னாரு பெரியம்மா. உக்காருங்க, கேக் சாப்பிடுங்க."

நாற்காலியை மேகத்தாள் ஒட்டிய தூணின் பக்கத்திலேயே போட்டார்கள். அவள் உட்காரவில்லை. தலைக்குமேல் 'டக்' என்றது. சிரிப்புச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

வெளியே வந்து தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றாள். அந்தக் கட்டடம் விழுந்தால் தம்பி அவள் வாசலுக்கு ஓடிவருவான், தம்பி மனைவி பேசுவாள், ஊரே அவளைக் கையெடுத்துக் கும்பிடும். கண்ணாடிக்குள் ஒரு சிறுமி நுனிக்காலில் நின்று கேக்கைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நில்லு" என்றாள் பொம்மையக்கா கட்டடத்தைப் பார்த்து. "நான் சாகுறவரைக்கும் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன். நீ நில்லு."

பிறகு, உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்த்தபடி அங்கேயே நின்றாள்.