உறுதி எழுதுமுன் நட்ட லீக்ஸ்

காணித் தரகர் உரிமத்துக்கு விண்ணப்பத்தாள் வாங்க நான் நுவரெலியாவிலுள்ள அரசாங்கக் கச்சேரிக்குப் போனபோது, முகப்பில் இருந்த எழுத்தர் தாளை நீட்டிவிட்டு, "ஆருக்கு, தகப்பனாருக்கோ?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் நீட்டிய தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கமிருந்த நாற்காலியைக் காட்டினார்.

"இருங்கோ. ஒவ்வொண்டாச் சொல்லுறன், எழுதுங்கோ."

அவர் சிரித்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே நானுஓயாவுக்கு இறங்கி, ரயிலேறி அட்டனுக்குத் திரும்பியிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. அந்த யாழ்ப்பாணத்து மனிதரை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஆனாலும் நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைக்கும்போது முதலில் வருவது அவர் முகந்தான்.

அவர் சொல்லி நான் எழுதியது இவ்வளவு. உறவினரல்லாத இரண்டு பெரிய மனிதரிடமிருந்து நன்னடத்தைச் சான்று. பிரஜாவுரிமைப் பத்திரம். தொழில் நடத்த நிலையான ஓர் இடம். தொழில் நடக்கும் பகுதியின் கிராமத் தலைவரான ஆராச்சி என்னைப் பற்றி விசாரித்து எழுதும் அறிக்கை. இவை எல்லாம் சேர்ந்த பிறகு அதிகாரி முன் நேர்முகம்.

"இதில ஆராச்சிமாரின்ர அறிக்கைதான் முக்கியம்" என்றார். "அவர் இந்தப் பிள்ளை வேண்டாம் எண்டு எழுதினால் மற்றக் கடதாசியளை அதிகாரி திறந்தும் பாரார்."

நான் அப்போது அட்டனில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் படம் வரைபவளாக இருந்தேன். அப்பா தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் மெஷின்காரர். அவர் கழற்றிப் பூட்டும் சாமான்களைச் சிறு வயதிலேயே சிலேட்டில் வரைந்து காட்டுவேன். அதைப் பார்த்துத்தான் கொன்வென்ட்டில் என்னைப் படவரைதலுக்கு அனுப்பினார்கள். அலுவலகத்தில் என் வேலை, அளந்து வந்த எண்களைப் படமாக்குவது. எல்லைக் கற்கள், ஓடை, பாதை, அயல் காணி, வடக்குத் திசை. ஒரு படத்தை முடித்தால் அந்தக் காணியில் நடந்து வந்ததுபோல இருக்கும்.

ஆனால் அந்தக் காணிகளை விற்றவர்கள் படத்தைப் பார்த்ததேயில்லை. பாதையில்லாத துண்டைப் பாதையுள்ளது என்று விற்றுவிட்டு, வாங்கியவர் எங்கள் அலுவலக வாசலில் வந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். படம் தெரிந்த ஒருவர் தரகராக இருந்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. அதை வாய்விட்டுச் சொன்னபோது, அங்கே அடிக்கடி வரும் ஒரு தரகர் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்:

"நல்ல யோசனதான் தங்கச்சி. ஆனா பொம்பளப் புள்ள தரகுன்னு போர்டு போட்டா, எல்லாரும் ஜாதகத்தத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்க."

"வரட்டுங்க. காணி உள்ள மாப்பிள்ளையாப் பாத்து முடிச்சு வச்சுருவோம்" என்றேன். அவர் அதை அட்டன் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதுவும் ஒரு விளம்பரமாயிற்று.

கடதாசிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கொன்வென்ட் தலைமை ஆசிரியை ஒரு சான்று தந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் மற்றதைத் தந்தார். எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை பதிவாகியிருந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்திலேயே அது கிடைக்காமல் போனவர்கள் பலர். அதனால் அந்தப் பத்திரத்தை உறையில் வைக்கும்போது நான் சந்தோஷப்படவில்லை, கவனமாக மட்டும் வைத்தேன். தொழில் நடத்தும் இடந்தான் சிக்கலாக இருந்தது. நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். அதை என் முகவரியாக எழுத முடியாது. அளவையாளர் ஐயா தன் படிக்கட்டுக்குக் கீழே இருந்த, பழைய அளவுச் சங்கிலிகள் கிடந்த மூலையைக் காலி பண்ணச் சொன்னார். "வாடகைக்குப் பதிலா, வரைற வேலைய நிப்பாட்டிறாதீங்க" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த ஒப்பந்தம்.

ஆராச்சியின் விசாரணைக்குக் காத்திருந்த நாட்களில்தான் நோனா வந்தார். டிக்கோயாப் பக்கம் ரோட்டுக்கு மேலே காணி வைத்திருந்த சிங்கள அம்மா அவர். கணவர் இறந்துபோன பிறகு அதைத் துண்டுகளாகப் பிரித்து விற்க நினைத்தார். எங்கள் அலுவலகந்தான் அளந்தது, நான்தான் படம் வரைந்தேன். படத்தைக் கையில் வாங்கியவர், "நங்கி, நல்ல ஆள் இருந்தா கூட்டிக்கிட்டு வந்து காட்டு" என்றார். உரிமம் வராமல் தரகு வாங்க மாட்டேன், சும்மா காட்டுகிறேன் என்றேன். "வாங்காட்டி எனக்குத்தானே லாபம்" என்று சிரித்தார்.

நான் கூட்டிப் போனது ஒரு வயதான தம்பதியை. அவர் தேயிலைச் செடி வெட்டிவிடும் கவ்வாத்துக்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி கொழுந்து எடுத்தவர். தோட்டத்தில் வேலை செய்ய வீட்டில் ஆள் இல்லையென்றால் காம்பிராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் வெளியே போய்விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரத்தில் மூவரும் மேலே ஏறினோம். நான் குடையை நீட்டி, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு, அங்கிருந்து ஓடை வளைவுக்கு என்று எல்லையைக் காட்டினேன். பிடித்திருக்கிறதா என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள். காணியை அவர்கள் பேருக்கு மாற்றும் உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசிடம் நாள் கேட்டுச் சொல்கிறேன் என்று விடைபெற்றேன்.

அடுத்த வாரம் நோனா அலுவலகப் படியேறி வந்தார். அவருக்குப் பின்னால், கோட்டும் சால்வையுமாக, ஆராச்சி.

"நங்கி, நம்ம காணியில யாரு மண்ணு வெட்றது?"

எனக்குப் புரியவில்லை. ஆராச்சி நாற்காலியில் உட்காரவில்லை. "நான் உங்களப் பத்தி விசாரிக்கத்தான் வந்தேன்" என்றார், நல்ல தமிழில். "வர்ற வழியில நோனா நிப்பாட்டினாங்க. விக்காத காணியில ஆள் எறங்கியிருக்காம். எறக்கினது நீங்களாம். லைசன் வாறதுக்கு முன்னாடியே இப்பிடின்னா, நான் என்னத்த எழுதுறது?"

நான் படச்சுருளை எடுத்துக்கொண்டேன். "போய்ப் பார்ப்போங்க" என்று மட்டும் சொன்னேன். ரோட்டிலிருந்து நான்தான் முன்னால் ஏறினேன். எந்த நேரத்தில் என்ன சொன்னேன் என்பதை மனதுக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். எதையும் மறைத்துப் பேசியதாகத் தோன்றவில்லை. ஆனாலும் உரிமம் கையை விட்டுப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

மேலே போனால், காணியின் மேல் எல்லையில் வாய்க்கால்போலக் கான் வெட்டி, மழைத் தண்ணீர் ஓடை பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தது. சரிவு மூன்று தட்டாகக் கட்டப்பட்டு, விளிம்புக்குக் கல் வைத்திருந்தது. நடுத்தட்டில் லீக்ஸ் நாற்று வரிசையாக நின்றது. அன்று என்னோடு வந்த பெரியவர், கையிலிருந்த மண் கிளறும் முள்ளைக் குத்தி நிறுத்திவிட்டு, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க பாப்பா. நோனா, வாங்க. ஆராச்சி மாத்தியாவும் வந்திருக்கீங்க. உக்காரத்தான் எடமில்லீங்க."

"யாரக் கேட்டு வெட்டினது?" என்றார் நோனா.

பெரியவர் என்னைப் பார்த்தார். குற்றம் சொல்வது போலல்ல, நான் மறந்துவிட்டேனோ என்று சந்தேகப்படுவது போல. "பாப்பா காட்டுனாங்களே."

"காட்டினா வெட்டுறதா?"

"காட்டுனப்பறம் வெட்டாம வச்சிருந்தா நமக்கு வேணாமுன்னு ஆயிருமுங்களே நோனா" என்றார் அவர் மனைவி. "தோட்டத்துல அப்பிடித்தானுங்க. கங்காணி கம்ப நீட்டி, அந்தப் பள்ளம் ஒனக்குன்னு சொல்லுவாரு. மறுநா விடிய முள்ளோட நிக்கணும். நிக்கலைன்னா அன்னிக்கே வேற ஆளுக்குக் காட்டிருவாரு. எங்களுக்கு ரெண்டு தடவ அப்பிடிப் போயிருக்குங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நானும் லயத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டுக் காய்கறித் தோட்டமும் ஒரு கம்பு நீண்ட திசையில் கிடைத்ததுதான். அப்பா மறுநாள் விடிவதற்குள் அங்கே போய் நின்றிருக்கிறார். அதற்குக் கடதாசி எதுவும் கிடையாது, கேள்வியும் கிடையாது. ஒரு காணியைக் காட்டுவது வேறு, அது நமக்காவது வேறு என்பதை நான் படம் வரையும் மேசையில் கற்றுக்கொண்டேன். இவர்கள் எங்கே போய்க் கற்பது?

இதை நோனாவிடம் சிங்களத்தில் சொன்னேன், ஆராச்சிக்கும் கேட்கும்படி. தோட்டத்தில் கை நீட்டுவதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சொன்னேன். நான் குடையை நீட்டியதையும், உறுதி என்றால் என்னவென்று இவர்களிடம் விளக்காமல் வந்ததையும் சொன்னேன். உங்களுக்கு இது வேண்டாமென்றால் வெட்டியதை நானே நின்று மூடித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"மூடுறதுக்கு ஒங்களுக்கு முள்ளுப் புடிக்கத் தெரியுமா பாப்பா?" என்றார் பெரியவர், சிங்களம் பாதி விளங்கியவராக. மனைவி அவரை முழங்கையால் இடித்தார். "சும்மா இருங்க. நோனா, பிடுங்கச் சொன்னா இப்பவே பிடுங்கிருவோம். நாத்துத்தான் வேர் புடிச்சிருச்சு. அது ஒண்ணுதான்."

நோனா சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு மேல் எல்லைவரை ஏறிப் போனார். புதிதாக வெட்டிய கானோடு நடந்து, ஓடை வளைவில் நின்று, கீழே இருந்த தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். திரும்பி வந்தபோது செருப்பெல்லாம் சேறு.

"ஒவ்வொரு மழைக்கும் அங்கேருந்து தண்ணி நம்ம குசினிக்குத்தான் வந்திச்சு" என்றார். "அவர் இருந்த காலத்துல வெட்டுறேன் வெட்டுறேன்னு சொல்லிச் சொல்லியே போயிட்டார்." பிறகு ஆராச்சியைப் பார்த்து, "வேலை செய்ய நான் விட்டேன்னு எழுதுங்க" என்றார்.

"இன்னிக்கு விட்டீங்களா, போன கெழமையே விட்டீங்களா?" ஆராச்சி முகத்தில் அசைவே இல்லை.

"இன்னிக்கி. பொய்ய எழுத வேணாம். போன கெழமை இவங்க கேக்காம வெட்டினது வெட்டினதுதான்."

"சரி. அப்ப நடந்தத நடந்தபடி எழுதுறேன்."

அந்த 'நடந்தபடி' என்ற சொல் எனக்குள் பல நாள் கிடந்து உறுத்தியது. நடந்தபடி எழுதினால் என் நிலை என்ன?

நோனா ஒரு நிபந்தனை வைத்தார். நொத்தாரிசு வாசிப்பதை வரி வரியாக நான் தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் விளங்கிவிட்டது என்று சொன்ன பிறகே கைநாட்டு. அப்படியே செய்தோம். நொத்தாரிசு இடையில் கடிகாரத்தைப் பார்த்தார். நோனாதான், "இருங்க, அவங்க கேக்கட்டும்" என்று அவரை நிறுத்தினார். பாதை உரிமை, ஓடைத் தண்ணீர், எல்லைக் கற்களை யாரும் நகர்த்தக் கூடாது என்பது எல்லாம் சொல்லி முடித்ததும் பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இனிமே யாராவது வந்து கம்ப நீட்டி வேற ஆளுக்குக் காட்ட முடியுங்களா?"

"முடியாதுங்க" என்றேன்.

அவர் கட்டைவிரலை மையில் அமுக்கினார். மனைவி அவர் விரலை முந்தானையால் துடைத்துவிட்டு, தன் விரலையும் நீட்டினார்.

நேர்முகம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் வந்தது. அதிகாரி ஆங்கிலத்தில் சில கேள்விகள் கேட்டார். பரப்பளவு, அளவுத்திட்டம், எல்லை விவரிப்பது எப்படி என்று. அவற்றுக்குப் பயமில்லை. பிறகு ஆராச்சியின் அறிக்கையை எடுத்து, என் பக்கம் திருப்பி மேசையில் வைத்தார். அதில் நான் உரிமமின்றிக் காணி காட்டியது எழுதப்பட்டிருந்தது. தரகு வாங்காதது எழுதப்பட்டிருந்தது. வாங்குபவர்கள் உறுதிக்கு முன்பே மண் வெட்டியதும், அதற்கான காரணமும் எழுதப்பட்டிருந்தன. கடைசியில், கேட்டவுடன் நான் காணிக்கு வந்ததாகவும், யார் மீதும் பழி போடாமல் இரு தரப்புக்கும் விளங்கும்படி பேசியதாகவும், காணி உரிமையாளர் மீதித் துண்டுகளையும் என்னிடமே ஒப்படைக்க விரும்புவதாகவும் இருந்தது.

"இந்தக் கடைசி வரி, உரிமையாளர் சொல்லித்தான் ஆராச்சி எழுதினாரா?" என்று அதிகாரி கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. என்னிடம் நோனா இன்னும் சொல்லவில்லை."

அவர் கையெழுத்திட்டார். வெளியே வரும்போது முகப்பில் அந்த யாழ்ப்பாணத்து எழுத்தர் தலையை நிமிர்த்தி, "தகப்பனாருக்குத்தானே?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்போடு குனிந்துகொண்டார்.

அன்று மாலை நேரே டிக்கோயாவுக்குப் போய் நோனாவிடம் நன்றி சொன்னேன். அவர் தேநீர் ஊற்றியபடி, மீதித் துண்டுகளின் படத்தைக் கொண்டு வந்தேனா என்று கேட்டார்.

இப்போது சில வருடமாக இந்தத் தொழில்தான். றொசல்லயிலிருந்தும் பட்டிப்பொலயிலிருந்தும்கூட ஆட்கள் வருகிறார்கள்; பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டியவர்கள். காணிக்கு ஏறியதும் நான் முதலில் ஒரு கல்லில் படத்தை விரித்து அவர்களை உட்கார வைக்கிறேன். உறுதி எப்போது எழுதப்படும், பாதை யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கைநாட்டு வைக்கும்வரை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அதுவரை என் குடை என் மடியில் கிடக்கும்.